பெயரில்லாதிருந்த காமாலை

காமாலை என்றதும் மஞ்சட் கண்ணும் கீழாநெல்லியுமே நம் நினைவுக்கு வரும். கண்ணிற் காட்டாமலே பல்லாண்டு கல்லீரலைக் கெடுக்கும் வகையும் ஒன்றுண்டு. 1970-களில், இரத்தம் ஏற்றிக்கொண்டவர் சிலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டது. ஆராய்ந்தால் அது 'ஏ' வைரஸும் அன்று, 'பி' வைரஸும் அன்று. ஆகவே 'ஏ-யும் அல்லாதது, பி-யும் அல்லாதது' என்றே அதற்குப் பெயரிட்டனர். அறியாமையை மறைக்காத நேர்மையான பெயர்! 1989-இல் மைக்கேல் ஹௌடன் குழுவினர் கிருமியைக் கண்டறிந்த செய்தி வெளியானபின் அது 'ஹெபடைட்டிஸ் சி' ஆயிற்று.

நம் நாட்டு இரத்த வங்கிகளில் இதற்கான சோதனை கட்டாயமானது 2001-இல்தான். அதற்கு முன்னரே பிழைப்பை நாடிப் பம்பாய்க்கும் தில்லிக்கும் வந்து, பிரசவத்திலோ விபத்திலோ இரத்தம் ஏற்றிக்கொண்டவர் நம்மவரிலும் உண்டு. நலமாயிருக்கையில் சோதனை எதற்கு என்று நாம் தயங்குகிறோம். இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்தில் அத்தயக்கத்திற்கு நியாயமும் இருந்தது: மாதக்கணக்கில் ஊசி, காய்ச்சல், சோர்வு, அப்படியும் பலருக்குக் குணமில்லை. 2013-இல் சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன்பின் பெரும்பாலோர்க்கு 12 வார மாத்திரையே போதுமாயிற்று. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். முதற் சோதனை எதிர்ப்பொருளை மட்டுமே காட்டும். வைரஸ் இன்னும் உடலில் உளதா என்பதை இரண்டாம் சோதனையே உரைக்கும். முதல் தாளைக் கண்டதும் கலங்கி வீடு திரும்பிவிடலாகாது.