டிரம்மை நம்பிக் கெட்ட கதை

2013 தை மாசம் எங்க பெரிய பொண்ணு கல்யாணம். பந்தியில மிச்சமான சோறு, பாயசத்தையெல்லாம் வீணாக்க மனசு வராம, மூணு நாளா கோபர் கேஸ் தொட்டியில கொட்டினேன். மொத ரெண்டு நாள் டிரம் கிடுகிடுன்னு மேல வந்துச்சு. எனக்கு ஒரே சந்தோசம். ஒரு வாரத்துல அடுப்பு பத்தவே இல்ல. கேஸ் வருது, எரியல. தொட்டிப் பக்கம் போனா புளிச்ச வாடை. அப்புறம் டிரம்மும் இறங்கிருச்சு. ரெண்டு மாசம் வீட்டுக்காரம்மா விறகடுப்பு ஊதினாங்க; எங்கிட்ட பேசினது கம்மி.

இந்த டிரம் மாடலுக்கு வயசு அதிகம். 1950களில் ஜஷ்பாய் படேல் வடிவமைச்சது. காதி கிராமத் தொழில் ஆணையம்தான் ஊர் ஊரா கொண்டுபோச்சு. கேஸ் சேர்ந்தா டிரம் ஏறும், எடுத்தா இறங்கும். படிக்காதவங்களும் பாத்தாத் தெரியும். 1984ல வந்த தீனபந்து மாடல்ல அந்த டிரம்மே கிடையாது. செலவு கம்மிதான், ஆனா உள்ள எவ்வளவு கேஸ் இருக்குன்னு கண்ணால பாக்க முடியாது.

ஆனா டிரம் காட்டறது கேஸோட அளவை மட்டும். உள்ள நடக்கற வியாதியை அது சொல்லாது. வேளாண்மை படிச்ச எங்க அக்கா மகன்தான் இதைப் புரிய வச்சான். தொட்டியில ரெண்டு கூட்டம் வேலை செய்யுதாம். ஒண்ணு சோத்தை அமிலமாக்கும், வேகமாப் பெருகும். இன்னொண்ணு அந்த அமிலத்தை மீத்தேனாக்கும், மெதுவாத்தான் பெருகும். சோறு அதிகமானா அமிலம் தேங்கி, ரெண்டாவது கூட்டம் படுத்துரும். அப்ப வர்றதுல பெரும்பகுதி கரியமில வாயு. அது எப்படிங்க எரியும்?

இதைக் கணக்காப் போட்ட கதையும் இருக்கு. பிரான்சுல ஜாக் மோனோ 1942ல, உணவு கூடினா நுண்ணுயிர் வளர்ற வேகமும் கூடும், ஆனா ஒரு எல்லைக்கு மேல கூடாதுன்னு சமன்பாடு எழுதினார். அமெரிக்காவுல ஜான் ஆண்ட்ரூஸ் 1968ல அதைத் திருத்தினார். சில உணவு அளவு மீறினா விஷமாகி, வளர்ச்சியையே கீழ இழுத்துரும்னு சேர்த்தார். சாக்கடைக் கசடு செரிக்கிற பெரிய தொட்டிகள் ஏன் திடீர்னு புளிக்குதுன்னு அந்தக் கணக்கு காட்டுச்சு. 2002ல சர்வதேச தண்ணீர் சங்கம் இன்னும் விரிவான மாதிரியை வெளியிட்டுச்சு.

பி.எச். பாத்தாப் போதுமேன்னு கேட்டேன். "போதாது மாமா"ன்னான். சாணியில இருக்கற காரம் கொஞ்ச நாள் அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கும். பி.எச். இறங்கறப்ப காலம் கடந்துருக்கும். அதனால பெரிய ஆலைகள்ல அமிலம் எவ்வளவு, தாங்கற காரம் எவ்வளவுன்னு ரெண்டையும் அளந்து பாத்துத்தான் தீனியைக் கூட்டறாங்க, குறைக்கறாங்க.

நான் தீனியை நிறுத்தினேன். நல்லா ஓடற பக்கத்துத் தோட்டத்துத் தொட்டியில இருந்து பத்துக் குடம் கரைசல் வாங்கி ஊத்தினேன். பங்குனியிலதான் நீலமா எரிஞ்சுது.

எனக்கு வெக்கமா இருந்தது வேற விசயம். மாட்டுக்குச் சோறு அதிகமா வச்சா வயிறு புளிச்சுச் செத்துப்போகும்னு எங்கப்பா சின்ன வயசுலயே சொல்லிக் கொடுத்திருக்காரு. அந்த மூணு நாளும் மாட்டுக்கு ஒரு கை சோறு நான் வைக்கல. அதுங்க சாணியிலயே ஓடற தொட்டிக்குத்தான் அண்டா அண்டாவாக் கொட்டினேன்.