குழாயோடு குழாய் சேரும் இடம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு டிராஃப்டிலேயே தூங்கிட்டிருந்த பதிவு இது. கொஞ்சம் இன்ஜினியரிங், கொஞ்சம் சரித்திரம். கணக்குன்னா அலர்ஜி உள்ளவங்க மூணாவது பத்தியை மட்டும் தாண்டிப் போயிடுங்க :-)

கேட் மென்பொருள்ல ஒரு ஃப்ரேம் வரையறீங்கன்னு வச்சுக்குங்க. கோடு கோடா போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு குழாயைக் கொடுத்தா, சேருற இடத்துல எல்லாக் குழாயும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்துக்கிட்டு நிக்கும். திரையில நிக்கலாம், இரும்புல நிக்காது. அதுக்குத்தான் 'ட்ரிம்'. எது வெட்டுப்படணும், எது முழுசா ஓடணும்னு ரெண்டு தடவை சொடுக்கினா போதும். கிளைக் குழாயோட நுனி, மீன் வாயைத் திறந்த மாதிரி வளைஞ்சு, தாய்க் குழாய் மேல கச்சிதமா உட்கார்ந்துக்கும். கண் இமைக்கிற நேரம். அதுக்குப் பின்னாடி இருநூறு வருஷத்துக்கும் மேலான கதை இருக்கு.

முதல்ல கணக்கு. 100 மி.மீ. விட்டமுள்ள தாய்க் குழாய் மேல 60 மி.மீ. குழாய் செங்குத்தா வந்து சேருது. நுனியில எவ்வளவு ஆழத்துக்கு வெட்டணும்? ஆரங்கள் 50, 30. 2500-ல 900 போனா 1600. அதோட வர்க்கமூலம் 40. 50-ல 40 போனா 10. ஆக, 10 மி.மீ. பள்ளம் போதும். கிளையும் 100 மி.மீ. குழாய்னா பள்ளம் 50 மி.மீ. ஆயிடும். ஒரே அளவுக் குழாய்கள் சேர்ந்தா, சேருற கோடு தட்டையான தளங்களுக்குள்ள அடங்கிடும். அளவு மாறிட்டா அந்தக் கோடு எந்தத் தளத்திலயும் அடங்காம வெளியில நெளிஞ்சு ஓடும். தலைவலி அங்கதான் ஆரம்பம்.

இந்தத் தலைவலிக்கு முறையா மருந்து சொன்னவர் பிரான்ஸ் நாட்டு காஸ்பார் மோன்ஜ். மெசியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில இருந்தப்ப அவர் உருவாக்கின வரைகணித முறையைப் பல வருஷம் ராணுவ ரகசியமாவே வச்சிருந்தாங்க. 1795-ல்தான் பாரிஸ்ல பாடமா நடத்தினார். விஷயம் எளிமையானது. ரெண்டு குழாயோட அச்சுக்கும் இணையா ஒரு தளத்தை வச்சு ரெண்டையும் சேர்த்து வெட்டுங்க. ரெண்டுலயும் நேர்கோடுகள் கிடைக்கும். அவை சந்திக்கிற இடம், நமக்கு வேணுங்கிற வளைவுல ஒரு புள்ளி. இப்படிப் பத்துப் பன்னிரண்டு தளம் வச்சு, கிடைச்ச புள்ளிகளைச் சேர்த்தா வளைவு ரெடி. முதல் வருஷ இன்ஜினியரிங் டிராயிங்ல மினி டிராஃப்டரோட மல்லுக்கட்டினவங்களுக்கு இந்தப் பாவத்தோட மூலம் யாருன்னு இப்ப தெரிஞ்சிருக்கும்!

இதைப் பிரம்மாண்டமா செஞ்சு காட்டின இடம், ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலம். 1879 டிசம்பர் 28 அன்னைக்கு, அதே ஸ்காட்லாந்துல டே பாலம் புயல்ல ரயிலோட சேர்ந்து விழுந்துச்சு. அந்த பயம் ஆறாத நேரத்துல, 1882-ல் ஃபோர்த் பால வேலை ஆரம்பம். ஜான் ஃபௌலரும் பெஞ்சமின் பேக்கரும் வடிவமைச்சாங்க. அமுக்கத்தைத் தாங்குற பெரிய உறுப்புகளுக்கு அவங்க தேர்ந்தெடுத்தது குழாய். விட்டம் 12 அடி! உள்ளே மனுஷன் தாராளமா நடந்து போகலாம். தகடுகளைச் சூடாக்கி, நீரழுத்த இயந்திரத்துல வளைச்சு, கரையிலயே முழுக் குழாயா அடுக்கி, துளை போட்டு, எண் எழுதி, பிரிச்சு, அப்புறம் பாலத்துல ஏத்தி ஆணி அடிச்சாங்க. குழாய்கள் கூடுற இடங்களைக் கூடத்துத் தரையில முழு அளவுலயே வரைஞ்சு அச்சு எடுத்தாங்க. 1890 மார்ச் 4-ல் திறந்த அந்தப் பாலத்துல இன்னைக்கும் ரயில் ஓடுது. கட்டும்போது இறந்தவங்கன்னு பிற்கால ஆய்வுல உறுதியானவங்க மட்டும் 73 பேர்.

அந்தத் தரை எப்ப திரையா மாறுச்சு? 1970-கள்ல. கேம்பிரிட்ஜ்ல இயன் பிரெய்ட் போன்றவங்க, திடப்பொருளைக் கம்ப்யூட்டருக்குள்ள முகம், விளிம்பு, முனைன்னு கட்டமைக்கப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. 1976-ல் ஜோஷுவா லெவின், உருளை, கோளம், கூம்பு மாதிரியான பரப்புகள் வெட்டிக்கிற வளைவைக் கணக்கிட ஒரு வழி சொன்னார். ரெண்டு பரப்பையும் கலந்தா, நேர்கோடுகளாலேயே ஆன மூணாவது பரப்பு ஒண்ணு எப்பவும் கிடைக்கும். அந்தக் கோடுகளைப் பிடிச்சுக்கிட்டே போனா வளைவு கிடைச்சிடும். படிச்சப்ப எனக்கு மோன்ஜ்தான் ஞாபகம் வந்தார். அவரும் நேர்கோட்டைத்தானே பிடிச்சுக்கிட்டு நடந்தார்!

அதே 1976-ல் இன்னொன்னும் நடந்துச்சு. 'அலெக்சாண்டர் கீலண்ட்' என்கிற மிதக்கும் எண்ணெய் மேடை நார்வேக்கு வந்து சேர்ந்தது. அஞ்சு கால், கால்களைக் கட்டிப்பிடிக்க ராட்சதக் குழாய்கள். அதுல டி-6 என்கிற குழாயோட விட்டம் 2.6 மீட்டர். கடலடி ஒலிக்கருவி ஒண்ணை மாட்டணும்னு அதுல துளை போட்டு, 325 மி.மீ. விட்டமுள்ள ஒரு சின்னக் குழாயைச் சொருகி, சுத்தி 6 மி.மீ. வெல்டு வச்சாங்க. கருவி மாட்டுற தாங்கிதானே!

1980 மார்ச் 27 சாயங்காலம். வடகடல்ல அந்த மேடை எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்குற இடமா நின்னுச்சு. உள்ளே 212 பேர். அந்தச் சின்ன வெல்டுல தொடங்கின விரிசல், அலை அலையா வளர்ந்து, பெரிய குழாயோட சுற்றளவுல பெரும்பகுதியை ஏற்கனவே தின்னு முடிச்சிருந்தது. டி-6 அத்துப்போச்சு. அந்தக் காலைப் பிடிச்சிருந்த மத்த அஞ்சு குழாய்களும் பாரம் தாங்காம முறிஞ்சு, ஒரு கால் தனியா கழன்றுச்சு. சுமார் 20 நிமிஷத்துல மேடை தலைகீழா கவிழ்ந்துச்சு. 123 பேர் இறந்தாங்க.

இப்ப மறுபடி நம்ம ட்ரிம்முக்கு வாங்க. கிளையை வெட்டித் தாய்க் குழாய் மேல உட்கார வைக்கலாம். இல்லேன்னா தாய்க் குழாயில துளை போட்டுக் கிளையை உள்ளே விடலாம். திரையில வெளியிலேர்ந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், சேருற வளைவும் அதேதான். முதலாவதுல பெரிய குழாய் முழுசா இருக்கு, ரெண்டாவதுல அதுக்குக் காயம். மென்பொருள் வளைவை மைக்ரான் சுத்தமா போட்டுக் கொடுத்துட்டு, எதை வெட்டட்டும்னு நம்மகிட்டதான் கேட்கும். அந்த ஒரு கேள்விக்கான பதில் மோன்ஜ்கிட்டயும் இல்லை, லெவின்கிட்டயும் இல்லை.

நம்மள்ல பலரும் பெரிய உறுப்புகளை ரெண்டு மூணு தடவை சரிபார்ப்போம். கடைசியில சேர்க்கிற சின்ன பிராக்கெட், கேபிள் போக ஒரு ஓட்டை, இதையெல்லாம் 'அது ஒண்ணும் பண்ணாது'ன்னு விட்டுடுவோம். நான் எழுதுற நிரல்லயும் இந்தப் பழக்கம் எனக்கு உண்டு.

விசாரணையில அந்தத் தாங்கியோட பழைய விரிசலுக்குள்ள பெயிண்ட் இருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. அதாவது, மேடை கடலுக்குப் போறதுக்கு முன்னாடியே விரிசல் இருந்திருக்கு. அதுக்கு மேலயே பெயிண்ட் அடிச்சு அனுப்பியிருக்காங்க.