சோதனைக்குத் தக்க சரக்கு

1930ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் மத்திய மேற்குப் பகுதியிலும் ஆயிரக்கணக்கானோர் கால் விளங்காமல் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்கள் எல்லோரும் குடித்தது ‘ஜமைக்கா ஜிஞ்சர்’ என்ற இஞ்சிச் சாரம். அது மதுவிலக்குக் காலம். வயிற்றுக் கோளாறுக்கு மருந்து என்று கடையில் கிடைத்த அந்தச் சாரத்தின் பெரும்பகுதி ஆல்கஹால். அதைச் சாராயமாக யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காக, வாய் பொறுக்காத அளவு இஞ்சிப் பிசின் அதில் இருக்க வேண்டும் என்று அரசு விதித்திருந்தது. ஆய்வாளர்கள் மாதிரியைக் கொதிக்கவைத்து, ஆவியானது போக மிஞ்சிய கசடை எடை போட்டார்கள். எடை சரியென்றால் சரக்கும் சரி. பாஸ்டனில் இதைத் தயாரித்த இருவர், காரமில்லாமல், அதே சமயம் ஆவியாகாமல் தங்கி எடை காட்டும் பொருளைத் தேடினார்கள். டிரை-ஆர்த்தோ-கிரெசில் பாஸ்பேட் என்ற தொழிற்சாலை ரசாயனம் அகப்பட்டது. சரக்கு சோதனையில் தேறியது. குடித்தவர்களின் நரம்புகள் பாழாயின.

இதைப் பேராசையின் கதையாக மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். கலப்படக்காரர் பார்த்துச் செய்தது இஞ்சியை அல்ல, இஞ்சிக்கு வைத்த சோதனையை. எந்தச் சோதனையும் ஒரு செடியை முழுதாகப் பார்ப்பதில்லை. அதன் ஓர் அடையாளத்தை மட்டும் அளக்கிறது. அந்த அடையாளத்தைக் குறைந்த செலவில் வரவழைக்கும் வழி தெரிந்ததும் சோதனை பலமிழந்துவிடுகிறது. இன்று ஊட்டச்சத்து மாத்திரை, கேப்ஸ்யூல் என்று மூலிகைகள் டப்பாவில் விற்கப்படும் காலத்தில், ‘எது நவீனமான சோதனை’ என்ற கேள்வியே அதிகம் கேட்கப்படுகிறது. ‘இந்தச் சோதனையின் கண்ணுக்குத் தப்புவது எது’ என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று இந்தத் தொழிலின் வரலாறு காட்டுகிறது.

கலப்படம் புதிதல்ல, அதைக் கண்டுபிடிக்கும் கலையும் புதிதல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதஸ் எழுதிய மூலிகை நூலிலேயே அபினியில் பிசினும் வேறு செடிகளின் சாறும் கலப்பதைப் பற்றியும், அதை மணத்தாலும் கரையும் விதத்தாலும் எரியும் விதத்தாலும் கண்டறிவதைப் பற்றியும் குறிப்புகள் உண்டு. நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் வேரை ஒடித்துப் பார்ப்பதும், முகர்வதும், நுனி நாக்கில் வைப்பதும் அதே வழிதான். தலைமுறைகளின் கைப்பழக்கம் இருக்க ஆய்வகம் எதற்கு என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கைப்பழக்கத்தைக் குறைவாக மதிக்க வேண்டியதில்லை. முழுச் சரக்கின் விஷயத்தில் அதற்கு ஈடானவை குறைவு. ஆனால் சரக்கு முழுசாக இருக்கும்வரைதான் அது செல்லும். அரைத்துப் பொடியாக்கிய பிறகு ஒடிக்க வேரும் இல்லை, பார்க்கப் பட்டையும் இல்லை. சாரம் இறக்கி உலர்த்திக் குப்பியில் அடைத்துவிட்டால் மணமும் சுவையும்கூடப் பழையபடி மிஞ்சாது. வணிகம் எந்த நிலையில் சரக்கைக் கைமாற்றுகிறதோ அந்த நிலைக்கு ஏற்ற சோதனை வேண்டும்.

பொடியின் காலத்துக்குப் பதில் சொன்னது நுண்ணோக்கி. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் சார்லஸ் வுட், காப்பித் தூளில் சிக்கரி கலந்திருக்கிறதா என்று வேதியியலாலோ வேறு வழியாலோ கண்டறிய முடியாது என்று நிபுணர்களின் பெயரால் சொன்னார். லண்டன் மருத்துவர் ஆர்தர் ஹில் ஹசால் அந்தத் தூளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, காப்பியின் செல்கள் வேறு, சிக்கரியின் செல்கள் வேறு என்று காட்டினார். 1851 முதல் ‘லான்செட்’ இதழில் தொடராக வந்த அவருடைய ஆய்வுகளே 1860இல் பிரிட்டனின் முதல் பொதுவான உணவுக் கலப்படத் தடைச் சட்டத்துக்கு வழி செய்தன. இந்தக் கலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு நம் பக்கத்துச் சரக்கே சாட்சி. திருநெல்வேலிச் சீமையில் பயிராகித் தூத்துக்குடியில் கப்பலேறிய நிலவாகை இலை, ‘டின்னவெல்லி சென்னா’ என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போனது. அதற்குப் போட்டி எகிப்து வழியாக வந்த அலெக்சாண்டிரியா சென்னா. ஒரு சதுர மில்லிமீட்டர் இலையில் நரம்புகள் அடைக்கும் சிறு கட்டங்களை எண்ணினால் அலெக்சாண்டிரியா இலையில் ஏறத்தாழ 25 முதல் 29 வரை இருக்கும். திருநெல்வேலி இலையில் 19 முதல் 22 வரை. நிலவாகையோடு ஆவாரை இலை கலந்திருந்தால், 80 சதவீதக் கந்தக அமிலம் பட்ட பொடி சிவந்து காட்டிக்கொடுக்கும். எண்ணிக்கையும் அமிலமும் இரு வேறு சாட்சிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றை ஏமாற்றுவதால் மற்றது ஏமாறாது.

நுண்ணோக்கிக்கு ஒரு வரம்பு உண்டு. செடி எது என்று அது சொல்லும். அதில் மருந்து எவ்வளவு என்று சொல்லாது. அந்தக் குறையைத் தீர்த்தது சின்கோனா. மலேரியாக் காய்ச்சலுக்கு ஐரோப்பா நம்பியிருந்த அந்தப் பட்டையைச் சிவப்பு, மஞ்சள், வெளிர் என்று நிறத்தால் பிரித்து வாங்கினார்கள். நிறம் பல சமயம் பொய் சொன்னது. 1820இல் பாரிஸில் பெல்லத்தியேவும் கவெந்துவும் அதிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்த பிறகு பட்டையின் விலை குயினைன் அளவைப் பொறுத்ததாயிற்று. நீலகிரியில் 1860களில் அரசுச் சின்கோனாத் தோட்டங்கள் வந்தபோது, பட்டையின் சத்தை அளப்பதற்கென்றே ‘குயினாலஜிஸ்ட்’ என்ற பதவியில் ஒரு வேதியியலாளரை அரசு அமர்த்தியது. பின்னாளில் அதே பதவியில் இருந்த டேவிட் ஹூப்பர், இந்திய மூலிகைகளைப் பற்றிய ‘பார்மகோகிராபியா இண்டிகா’ என்ற பெரும் நூலின் ஆசிரியர்களில் ஒருவர். நீலகிரியில் நன்றாக வளர்ந்த சிவப்புப் பட்டையில் ஆல்கலாய்டு மொத்தமாக நிறைய இருந்தும் குயினைன் குறைவு என்பது இந்த அளவையால் உறுதியானது. ஜாவாவில் டச்சுக்காரர்கள் வளர்த்த இனத்தில் குயினைன் மிகுந்திருந்ததால் உலகச் சந்தை அந்தப் பக்கம் சாய்ந்தது.

சின்கோனாவின் வெற்றி ஒரு தவறான பாடத்தையும் விட்டுச்சென்றது. குயினைன்தான் மருந்து, பட்டை அதன் உறை என்ற இடத்தில் சத்தை அளந்தால் போதும். எல்லா மூலிகையும் அப்படியல்ல. அமுக்கரா வேர்ச் சாரம் இன்று உலகெங்கும் விற்கும் சரக்கு. அதில் ‘வித்தனோலைடு இத்தனை சதவீதம்’ என்று டப்பாவில் போடுகிறார்கள். வித்தனோலைடுகள் இலையிலும் தாராளமாக உண்டு, இலை மலிவு. மரபு மருத்துவம் உள்ளே கொடுத்தது பெரும்பாலும் வேரை. மொத்த அளவை மட்டும் பார்க்கும் சோதனையில் இலைச் சாரம் கலந்த சரக்கு எளிதாகத் தேறிவிடும். 2021 அக்டோபரில் ஆயுஷ் அமைச்சகம், அமுக்கரா இலையைத் தயாரிப்புகளில் சேர்க்க வேண்டாம் என்று உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தல் அனுப்ப வேண்டியதாயிற்று. மஞ்சளிலும் இதே கதைதான். அதன் சத்தான குர்குமினைப் பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து ஆலையில் செய்யலாம். அளவுச் சோதனைக்கு இரண்டும் ஒன்றே. வயலில் வளர்ந்த மஞ்சளில் கார்பன்-14 இருக்கும், பெட்ரோலியத்தில் அது இருக்காது என்ற இயற்பியல் உண்மையைக் கொண்டுதான் இந்தப் போலியைப் பிடிக்கிறார்கள்.

ஒரே ஓர் எண்ணை அளக்காமல் சாரத்தின் முழு வரிசையையும் பிரித்துக் காட்டுவது குரோமட்டோகிராபி. கண்ணாடித் தகட்டில் அலுமினாவைப் பூசி, அதன்மேல் சாரத்தைப் பிரிக்கும் முறையை 1938இல் கார்கிவ் நகரில் இஸ்மாயிலோவும் ஷ்ரைபரும் உருவாக்கியது மூலிகை மருந்துகளைச் சோதிப்பதற்காகவே. 1950களின் கடைசியில் ஜெர்மனியின் ஏகோன் ஷ்டால் அதற்கு ஒழுங்கான முறை வகுத்துப் பரப்பினார். இந்தச் சோதனை கையிலிருந்தும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியம் உதாரணம். பிரசெல்ஸில் உடல் எடை குறைக்கும் சிகிச்சையில் ‘பாங்ஜி’ என்ற சீன மூலிகையின் பொடியைக் கொடுத்தார்கள். ஸ்டெஃபானியா வேர் வந்திருக்க வேண்டிய இடத்தில், அதே பெயரின் சாயலில் விற்கும் அரிஸ்டோலோக்கியா வேர் வந்துவிட்டது. சிறுநீரகம் பழுதான பெண்களைப் பற்றிய முதல் அறிக்கை 1993இல் வெளியானது. பின்னர் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இங்கே வேண்டுமென்றே ஏமாற்றியவர் இருந்தாக வேண்டும் என்பதுகூட இல்லை. பெயர்க் குழப்பம் ஒன்றே போதுமானதாக இருந்தது. ஸ்டெஃபானியாவுக்குரிய டெட்ராண்ட்ரின் இல்லை, அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது என்பதைப் பொடியைப் பயன்படுத்தும் முன்பே ஒரு தகட்டுச் சோதனை சொல்லியிருக்கும்.

இனி டிஎன்ஏ இருக்கிறதே, எல்லாம் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். 2003இல் கனடாவில் முன்வைக்கப்பட்ட டிஎன்ஏ பார்கோடு முறை உண்மையில் பெரிய முன்னேற்றம். முழு வேரிலும் பச்சைப் பொடியிலும் இனத்தை அது உறுதியாகச் சொல்லும். ஆனால் 2015 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர், நான்கு பெரிய சில்லறை நிறுவனங்களின் மூலிகைச் சப்ளிமென்டுகளை டிஎன்ஏ வழியே சோதித்து, ஐந்தில் ஏறத்தாழ ஒரு சோதனையில் மட்டுமே லேபிளில் சொன்ன செடி தென்பட்டது என்று அறிவித்தபோது விஞ்ஞானிகள் பலர் எதிர்த்தார்கள். சாரம் இறக்கும் சூட்டிலும் கரைப்பானிலும் டிஎன்ஏ சிதைந்துபோகும். உண்மையான சாரத்திலும் அது கிடைக்காமல் போகலாம். செடியின் தடம் இல்லை என்பதால் செடி இல்லை என்று ஆகாது. மறுபக்கம், இலைக்கும் வேருக்கும் டிஎன்ஏ ஒன்றே என்பதால் அமுக்கராவில் இலை கலந்ததை அது சொல்லாது. அந்த வித்தியாசத்தை, சரக்கு பொடியாக இருக்கும் வரையில், ஹசால் காலத்து நுண்ணோக்கி சொல்லும்: வேர்ப்பொடியில் மாவுமணிகள் தெரியும், இலைப்பொடியில் இலைத்துளைகள் தெரியும்.

இரண்டு ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவது, ஒரு சரக்குக்கு இன்னொன்றைப் பதிலாகச் சேர்ப்பதை மரபு மருத்துவமே அனுமதித்திருக்கிறதே என்பது. உண்மைதான். ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசம், அதிவிடயம் கிடைக்காவிட்டால் கோரைக்கிழங்கைச் சேர்க்கலாம் என்பதுபோன்ற பட்டியலே தருகிறது. ஆனால் அங்கே மாற்றுவது மருத்துவர்; எதை மாற்றினோம் என்று அவருக்குத் தெரியும்; நோயாளி அவர் கண்முன் இருக்கிறார். வாங்குபவர் அறியாமல் டப்பாவுக்குள் நடக்கும் மாற்றத்துக்கு அந்த அனுமதி பொருந்தாது. இரண்டாவது ஆட்சேபம் செலவைப் பற்றியது. காட்டில் மூலிகை சேகரிப்பவரும் சிறு வியாபாரியும் இத்தனை சோதனைக்கு எங்கே போவார்கள்? நியாயமான கவலை. இதற்கு விடை சோதனையைக் குறைப்பதில் இல்லை. சரியான இடத்தில் செய்வதில் இருக்கிறது. பறித்த இடத்திலேயே பூவோடும் இலையோடும் ஒரு கிளையை உலர்த்தி, தாவரவியலாளர் பார்த்துப் பெயரிட்டு வைத்தால், அது மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் வலுவான சான்று. ஒப்பிட்டுப் பார்க்க கோயம்புத்தூரில் மெட்ராஸ் ஹெர்பேரியம் போன்ற சேகரிப்புகள் உண்டு. விலையுயர்ந்த கருவிகளின் செலவைச் சேகரிப்பவர் தலையில் கட்டாமல், சாரம் இறக்கி லாபம் பார்க்கும் நிறுவனம் ஏற்க வேண்டும்.

அமெரிக்காவில் 2007இல் வந்த உற்பத்தி விதி, சப்ளிமென்டில் சேர்க்கும் ஒவ்வொரு உட்பொருளுக்கும் குறைந்தது ஓர் அடையாளச் சோதனையாவது உற்பத்தியாளர் செய்ய வேண்டும் என்கிறது. ஒன்றுமே இல்லாததற்கு இது மேல். ஆனால் ஒற்றைச் சோதனை எதுவாக இருந்தாலும் அதைத் தாண்டும் வழி ஒன்று இருந்திருக்கிறது என்பதே மேலே சொன்ன வரலாறு. வடிவத்துக்கு நுண்ணோக்கி, சாரத்துக்குக் குரோமட்டோகிராபி, இனத்துக்கு டிஎன்ஏ, ஊருக்கும் பருவத்துக்கும் பறித்தவரின் பதிவேடு: இவற்றில் ஒன்றின் குருட்டிடத்தை மற்றொன்று பார்க்கும். ‘தரச் சோதனை செய்யப்பட்டது’ என்ற வரியைக் கண்டு வாங்குபவர், எந்தச் சோதனை, சரக்கு எந்த நிலையில் இருந்தபோது செய்தது, வேரா இலையா என்று அது சொன்னதா என்று கேட்க வேண்டும். இதற்குப் பதில் தர முடியாத நிறுவனத்தின் டப்பாவை வாங்காமல் இருப்பதே நல்லது.