தீவுகள் கண்டவர் நம் மலை ஏறிய கதை

மஸ்கெலியாவிலும் நல்லதண்ணியிலும் வாழும் நேயர்கள் நாள்தோறும் காணும் சிவனொளிபாதமலையை, ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் நடுக்கடலிலிருந்து கண்டார். புகைத்தூண் ஒன்று எழுந்து நிற்பதுபோல் அது அவருக்குத் தோன்றிற்று. மொரோக்கோ நாட்டுத் தாஞ்சியரில் 1304இல் பிறந்த இபின் பதூதாவே அவர். 1344 ஆகஸ்டு மாதத்தில் மாலைதீவை விட்டுப் புறப்பட்ட அவரது கப்பல் ஒன்பது நாளில் இலங்கைக் கரையை அடைந்தது.

மாலைதீவின் அமைப்பை அவர் விளக்கும் திறம் வியப்புக்குரியது. நூறும் அதனிற் குறைந்தனவுமான தீவுகள் வளையம்போல் அமைந்திருக்கும். உட்புக வாயில் போன்ற ஓரிடமே உண்டு. தீவினர் ஒருவர் வழிகாட்டாமல் கப்பல் செல்லுதல் அரிது. பவளத்தீவு வளையங்களைப்பற்றிப் பூகோள ஆசிரியர் இதனினும் நன்றாகக் கூறிவிடுவாரோ என்பது ஐயமே. தீவுகள் சுமார் 2,000 என்றார். இன்றைய கணக்கு ஏறத்தாழ 1,200. கண்டதைக் கூறுமிடத்து அவர் பெரிதும் தவறுவதில்லை; கேட்டதைக் கூறும்போதுதான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

அத்தீவினர் கடலிலிருந்து எடுத்த சோழியே அவர்களுக்குக் காசு. 4,00,000 சோழிக்கு ஒரு பொற்காசு. சில வேளைகளில் 12,00,000 கொடுத்தாலும் ஒன்றே. வங்காளத்தார் அரிசி கொடுத்து அதனை வாங்கிச் சென்றனர். பின்னர் மேற்காபிரிக்காவுக்குப் போன இபின் பதூதா, அங்கே 1,150 சோழிக்கு ஒரு பொற்காசு கிடைப்பதைக் கண்டார்! தென்னை நார்க்கயிற்றால் தைத்த மரக்கலம் பாறையில் மோதினாலும் நெகிழ்ந்து கொடுக்கும், ஆணி அடித்தது பிளந்துபோகும் என்ற காரணத்தையும் அவர் கேட்டறிந்தார். நம் லயத்து அடுப்படியில் சம்பலுக்கு இடிபடும் மாசிக்கருவாடும் அவர் நூலில் இடம்பெற்றுள்ளது.

அங்கே அரசு செலுத்தியவர் கதீஜா என்னும் பெண். அவருடைய ஆட்சியில் இபின் பதூதா காதியானார். பெண்கள் மேலாடை அணிய வேண்டுமென ஆணையிட்டார். நீதிமன்றத்துக்கு வெளியே அவ்வாணை செல்லவில்லை. அதனை அவரே மறையாது கூறுகிறார். மந்திரியோடு பகைமை முற்றவே நாட்டைவிட்டு நீங்கினார்.

புத்தளத்தில் அவரை வரவேற்றவர் ஆரியச்சக்கரவர்த்தி. யாழ்ப்பாண அரசரை நேரிற் கண்டு எழுதப்பட்ட குறிப்பாதலின் வரலாற்று மாணவருக்கு இப்பகுதி பெருஞ்செல்வம். அரசருக்குப் பாரசீக மொழி விளங்கிற்று. அவர் விருந்தினருக்கு முத்துகளை அளித்தார். வேறு யாது வேண்டுமெனக் கேட்டபோது, ஆதத்தின் பாதத்தைத் தரிசிப்பதே தம் விருப்பம் என்றார் பயணி. சைவராகிய அரசர் பல்லக்கு ஒன்றும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், பரிவாரத்தார் பதின்மரும், உணவுப்பொதி சுமக்கப் பதினைவரும் கொடுத்து அந்த முஸ்லிமை வழியனுப்பினார்.

வழியெங்கும் நீர் மிகுதி என்கிறார். நல்லதண்ணி நேயர்கள் இதனை மறுக்கமாட்டார்கள். அட்டையையும் அவர் விட்டுவைக்கவில்லை. மரத்திலும் நீரோரப் புல்லிலுமிருந்து மனிதர்மேற் பாயும் அட்டைகளுக்கென்றே தேசிக்காய் கொண்டுசென்று பிழிவார்களாம். 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியாகக் கால்நடையாய் இம்மலைகளுக்கு வந்த நம் முன்னோரும் காடும் நோயும் அட்டையும் கண்டவர்களே. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள எவரும் உடன் வரவில்லை. இபின் பதூதாவுக்கோ, 1355இல் பேஸ் நகரில் நூலை எழுதி முடிக்க இபின் ஜுஸை வாய்த்தார். அந்தப் பதினைந்து சுமைகாரர்களின் பெயர்கள் அந்நூலிலும் இல்லை.

அவருக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே மார்க்கோ போலோ இம்மலையின் சங்கிலிகளைப்பற்றிக் கூறியதுண்டு. தாம் ஏறியதாகக் கூறவில்லை. இபின் பதூதா ஏறினார். சங்கிலிகள் பத்து என்றும், பாதச்சுவட்டின் நீளம் பதினொரு சாண் என்றும் குறித்தார். மூன்று நாள் தங்கிக் காலையும் மாலையும் வழிபட்டபின், கடினமான ‘பாபா’ வழியை விடுத்து எளிய ‘மாமா’ வழியால் இறங்கினார். பின்னர் தெவிநுவர, காலி, கொழும்பு ஆகியவற்றைக் கடந்து புத்தளம் மீண்டார்.

அங்கிருந்து சென்ற மரக்கலம் சோழமண்டலக் கரையருகே உடைந்தது. கரையேறியவர் மதுரைச் சுல்தானோடு கூடி மாலைதீவின்மேற் படையெடுக்கவும் திட்டமிட்டார். சுல்தான் இறக்கவே அது நிறைவேறவில்லை. ஆயினும் பின்னர் அவர் அத்தீவுக்குத் தனியே சென்றார். அங்கே அவர் விட்டுவந்த மனைவிக்கு ஒரு மகன் பிறந்திருந்தான். குழந்தையை அவரிடம் கொணர்ந்தனர். அவன் தாயிடம் இருப்பதே நன்றென எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐந்து நாளில் வங்காளத்துக்குக் கப்பலேறினார்.