பாப்லோவின் மந்தை

900 கிலோ வரை எடை. ஓடத் தொடங்கினால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். அமெரிக்கக் காட்டெருமையை வளர்க்க ஒரு குடும்பம் போதும், வளைத்துப் பிடிக்க ஊரே வேண்டும். மாண்டனாவின் ஃபிளாட்ஹெட் பழங்குடி நிலப்பகுதியில் வாழ்ந்த மிஷெல் பாப்லோ இதை நன்றாக அறிந்தவர்.

வேட்டைக்காரர்களின் துப்பாக்கிக்கு அந்த இனமே ஏறக்குறைய அழிந்திருந்த 1884இல், பாப்லோவும் நண்பர் சார்லஸ் அல்லார்டும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு காட்டெருமைகளை வாங்கினார்கள். வேலியில்லாத புல்வெளியில் மந்தை பெருகியது. அது பாப்லோவின் கெட்டிக்காரத்தனம் மட்டுமல்ல. சேலிஷ், கூட்டெனாய் மக்களின் பொது மேய்ச்சல் நிலம் அது; அக்கம்பக்கத்தார் மந்தையை வேட்டையாடாமல் விட்டுவைத்தார்கள். எந்தச் சட்டத்தையும்விட இதுவே பெரிய காவல்.

1904இல் வந்த சட்டம் அந்த நிலத்தைத் தனிநபர் பங்குகளாகத் துண்டுபோட்டது. மிச்சம் வெள்ளைக் குடியேறிகளுக்கு. மேய்ச்சல் போனால் மந்தை ஏது? அமெரிக்க அரசு வாங்க முன்வரவில்லை. கனடா வாங்கியது.

1907இல் தொடங்கியது மந்தையை வளைத்துப் பிடிக்கும் ஓட்டம். அக்கம்பக்கத்துப் பழங்குடிக் குதிரைவீரர்களும் கலப்பினக் குடும்பத்து இளைஞர்களும் பாப்லோவுக்காகச் சேணம் பூட்டினார்கள். வசந்தத்தில் பிறந்த கன்று இலையுதிர் காலத்துக்குள் ஓடத் தேறிவிடும். கோடையில் இணைசேரும் காளைகளின் மூர்க்கமும் அடங்கியிருக்கும். பனி விழுமுன் கிடைக்கும் அந்தச் சில வாரங்கள் நல்ல வாய்ப்பு. ஆனால் மிருகங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாதே! 1908 இலையுதிர் காலத்தில், ஆற்று வளைவில் பாடுபட்டு அடைத்த கூட்டம், இரவோடு இரவாகச் செங்குத்தான கரைமேட்டில் ஏறித் தப்பியது. ஓவியர் சார்லஸ் ரஸலும் அந்தக் குதிரைவீரர்களோடு சுற்றியவர். அவருக்கு விருந்து, பாப்லோவுக்கு நட்டம்.

பிறகு கனத்த மரக்கூண்டுகளை வண்டிகளில் பொருத்தி, பிடிபட்ட விலங்குகளை ரவாலி ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 1912க்குள் ஏறத்தாழ 700 காட்டெருமைகள் கனடா சேர்ந்தன. மந்தையைக் காத்த கைகளே அதை வழியனுப்பவும் வேண்டியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், 1908இல் அதே பழங்குடி நிலத்தில் அமெரிக்க அரசு தேசியக் காட்டெருமைச் சரணாலயம் அமைத்தது. அங்கே முதலில் விடப்பட்டவற்றில் பெரும்பாலானவை, பழைய மந்தையில் அல்லார்டின் பங்காக இருந்த விலங்குகளின் வாரிசுகள். 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அந்த நிலத்தைப் பழங்குடியினரிடமே திருப்பித் தந்தது.