மடிக்கணினி நினைவக விரிவாக்கம்
பழைய மடிக்கணினியின் ரேம் அட்டையை மாற்றியோ, கூடுதலாக ஒன்றைச் செருகியோ அதன் வேகத்தை மீட்கும் பணி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு நிறுவனமான எல்காட் வழியே முதலில் வழங்கப்பட்டவை 2 ஜிபி நினைவகம் கொண்டவை. கூரம் போன்ற சிற்றூர்களில் பல வீடுகளுக்கு அதுவே முதல் கணினி. இன்றைய உலாவிகளுக்கு அந்த அளவு போதாது. புதிது வாங்குமுன் ரேமைக் கூட்டிப் பார்ப்பதே நல்லது. ரேம் அட்டைகளில் வகைகள் உண்டு: டிடிஆர்3 அட்டையில் 204 தொடுமுனைகள், டிடிஆர்4-இல் 260. ஒன்றின் செருகுமிடத்தில் மற்றொன்று பொருந்தாது. டிடிஆர்3 1.5 வோல்ட்டிலும் டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலும் இயங்கும். பின்னதை மட்டுமே ஏற்கும் கணினியில் முன்னதைப் போடக் கூடாது. 32-பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. பேட்டரியைக் கழற்றி, உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்கியபின், அட்டையைச் சாய்வாகச் செருகி, இருபுறக் கொக்கிகளும் பிடிக்கும்வரை அழுத்த வேண்டும்.