கமரா யாருடைய முகத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது?

கோடை விடுமுறை நெருங்கினால் என் மச்சான், மச்சாள்மார் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருவார்கள்: "எந்தக் கமரா வாங்கலாம்?" கூடவே எத்தனை மெகாபிக்சல், எத்தனை மடங்கு சூம், என்ன விலை என்று ஒரு பட்டியலும் வரும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "யாரைப் படம் எடுக்கப் போகிறாய்?"

அப்படிக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. எந்தக் கமராவும் யாரோ ஒருவரை மனத்தில் வைத்துத்தான் செய்யப்படுகிறது. அந்த ஒருவர் நாமாக இருந்தது மிகக் குறைவு. இந்த வரலாறு தெரிந்தால் கடையில் கேட்கவேண்டிய கேள்விகளும் தெரிந்துவிடும்.

1888-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டொலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள் இருந்தது. எடுத்து முடிந்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டும். அவர்கள் படங்களைக் கழுவி, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதுவரை படம் எடுக்க இரசாயனம் தெரிந்திருக்க வேண்டும். இரசாயனம் தெரியாத சாதாரண மனிதருக்காக ஈஸ்ட்மன் செய்த கமரா இது.

பிறகு வண்ணப்படம் வந்தது. 1950-களில் கோடாக் நிறுவனம், படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பத் தொடங்கியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருந்தது. முதலில் மாதிரியாக நின்ற ஊழியரின் பெயர் ஷேர்லி. பிறகு வேறு பெண்கள் நின்றபோதும் அதற்கு "ஷேர்லி அட்டை" என்ற பெயரே நிலைத்தது. அந்தப் பெண்ணின் தோல் நிறம் சரியாக வரும்வரை இயந்திரத்தைத் திருத்துவார்கள். அதற்குப் பிறகு, அந்தக் கூடத்துக்கு வருகிற எல்லாருடைய படமும் அதே அளவில்தான் கழுவப்படும்.

விளைவை ஊகிக்கலாம். வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் ஒரே படத்தில் நின்றால், வெள்ளைப் பிள்ளையின் முகம் தெளிவாக இருக்கும். மற்றப் பிள்ளையின் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். பள்ளிக்கூடப் படங்களைப் பார்த்த கறுப்பினத் தாய்மார் முறையிட்டார்கள். ஆனால் மாற்றத்தைத் தூண்டியவை வேறு முறைப்பாடுகள் என்று கோடாக்கில் வேலை செய்தவர்கள் பின்னாளில் கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத்திடம் சொன்னார்கள். சொக்கலேட் செய்பவர்களுக்குக் கடும் சொக்கலேட்டுக்கும் பால் சொக்கலேட்டுக்கும் வித்தியாசம் தெரியவேண்டும். தளபாடம் செய்பவர்களுக்கு மரத்தின் வரிகள் தெரியவேண்டும். மண்ணிற மனிதர்களைவிட மண்ணிறப் பொருள்களுக்குத்தான் முதலில் காது கொடுத்தார்கள். பல இனப் பெண்கள் ஒன்றாக நிற்கும் அட்டை வர 1990-கள் ஆயிற்று.

இதற்கிடையில் அதே கோடாக் நிறுவனத்தில் 1975-இல் ஸ்டீவ் சாசன் என்ற இளம் பொறியியலாளர் முதல் டிஜிட்டல் கமராவைச் செய்தார். எடை ஏறத்தாழ 3.6 கிலோ. படம் கறுப்பு வெள்ளை. 100-க்கு 100 புள்ளிகள், மொத்தம் பத்தாயிரம். ஒரு படத்தைக் கசெட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. ஆய்வுகூடத்தில் இருந்த ஒரு பெண்ணைப் படம் எடுத்துத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தார்கள். கறுப்புத் தலைமுடி தெரிந்தது, வெள்ளைப் பின்னணி தெரிந்தது, முகம் மட்டும் வெறும் இரைச்சலாக இருந்தது. சில கம்பிகளை மாற்றிப் பூட்டிய பிறகுதான் முகம் வந்தது.

டிஜிட்டல் கமராவின் சென்சருக்கு இனம் தெரியாது. அது தன்மேல் விழும் ஒளியை மட்டும் அளக்கும். ஆனால் அளந்ததைப் படமாக்குவது, மனிதர் எழுதிய மென்பொருள். எவ்வளவு வெளிச்சம் வேண்டும், தோல் எந்த நிறத்தில் இருக்கவேண்டும், எது "அழகு" என்பதையெல்லாம் அதுவே முடிவுசெய்கிறது. 2021-இல் கூகுள் நிறுவனம் தன் பிக்சல் 6 போனை "ரியல் டோன்" என்ற வசதியோடு வெளியிட்டது. பல தோல் நிறங்களையும் உண்மையாகக் காட்டுவதற்காகவே செய்தது என்று விளம்பரமும் செய்தது. ஈஸ்ட்மனின் கமரா வந்து 133 ஆண்டுகளுக்குப் பிறகும் அது தனியாகச் சொல்லவேண்டிய ஒரு விசயமாக இருந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். 2010-இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கமராக்கள் கடைகளுக்குப் போயின. 2023-இல் அது 80 இலட்சத்துக்கும் குறைவு. போன் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. பகல் வெளிச்சம், கூட்டாளிகள், சாப்பாடு, பயணம் இவைதான் உங்கள் தேவை என்றால் கையில் இருக்கும் போனே போதும். காசை மிச்சம் பிடியுங்கள்.

மெகாபிக்சலுக்கும் மயங்கவேண்டாம். ஒரு 4கே திரையை நிரப்ப 8 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தால் போதும்.

ஆனால் நம்முடைய கொண்டாட்டங்களை நினைத்துப் பாருங்கள். அரங்கேற்ற மேடை, மங்கலான கலியாண மண்டபம், இரவுத் திருவிழா. வெளிச்சம் குறைவு, ஆட்கள் தூரத்தில். இங்கேதான் பெரிய சென்சர் உதவும். முழுச் சட்டச் சென்சர் 36-க்கு 24 மில்லிமீற்றர். பரப்பளவில் அது சாதாரண போன் சென்சரைப்போல் பத்து மடங்குக்கும் மேல். அதைவிடச் சிறியதானாலும் போனைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி சென்சர் விலை குறைவு, தொடங்குவதற்குப் போதும். பழைய கமராவோடு நல்ல லென்ஸ் வாங்குவது, புதுக் கமராவோடு சுமாரான லென்ஸ் வாங்குவதைவிடப் புத்தி.

வாங்குமுன் மூன்று விசயங்களைச் செய்து பாருங்கள். வீட்டில் ஆகக் கறுப்பான ஒருவரைக் கடைக்குக் கூட்டிப்போய், வெளிச்சம் குறைந்த மூலையில் நிறுத்திப் படம் எடுங்கள். கன்னமும் நெற்றியும் தெளிவாக இருக்கின்றனவா, கமரா முகத்தை உடனே கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரை நிறுத்துங்கள். வெள்ளையைப் பார்த்ததும் கமரா முழுப் படத்தையும் இருட்டாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி மாப்பிள்ளையின் முகம் கறுத்துப்போவது இதனால்தான். வெளிச்ச அளவைக் கையால் கூட்டும் வசதி சுலபமாக எட்டுகிறதா என்று சோதியுங்கள்.

மூன்றாவது, போனோ கமராவோ, "அழகுபடுத்தும்" வசதி இருந்தால் அதை நிறுத்திவிட்டு எடுங்கள். அது தோலை வெளுப்பாக்கும், சுருக்கங்களை அழிக்கும். அம்மம்மாவின் சுருக்கங்கள் அழிந்தால் அது அம்மம்மாவின் படம் இல்லை. அவருடைய வயதில் இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் முடியாது.

ஒரு காலத்தில் தூரத்து ஆய்வுகூடம் ஒன்றில் ஒரு அட்டையை வைத்து நம் நிறத்தைத் தீர்மானித்தார்கள். இன்று அந்தத் திருகு உங்கள் விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. அதைத் திருப்பப் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு ஷேர்லி அட்டையாக உங்கள் அம்மம்மாவே இருக்கட்டும்.